கடல் கடத்தப்பட்டவர்கள் – 6: மீன்பிடிப் படகில் தப்பிய பெண்

1776-ல் அமெரிக்கக் குடியேற்றங்கள் கைவிட்டுப் போன பிறகு, தீவாந்தர தண்டனை பெற்ற கைதிகளை அனுப்ப இடமில்லாமல் பிரிட்டன் அவர்களைப் பழைய கப்பல்களில் அடைத்து வைத்ததைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அந்த மிதக்கும் சிறைகளில் ஒன்று பிளிமத் துறைமுகத்தில் நின்ற டன்கர்க். 1786-ல் அதில் கொண்டுவந்து அடைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து போவோம்.

பெயர் மேரி பிராட். கார்ன்வால் கடற்கரையில் ஃபோய் என்ற துறைமுக ஊர். அப்பா கடலோடி. 1765-ல் ஞானஸ்நானம் பெற்றதை அவ்வூர்த் தேவாலயப் பதிவேடு சொல்கிறது. அடுத்த பதிவு இருபது ஆண்டுகள் கழித்து, எக்ஸெட்டர் நீதிமன்றத்தில்தான். 1786 மார்ச் 20-ஆம் தேதி மேரியும் இன்னும் இரண்டு பெண்களும் கூண்டில் நிற்கிறார்கள். பிளிமத்தில், ராஜபாட்டையில், ஆக்னஸ் லேக்மன் என்ற பெண்ணைத் தாக்கி, அவர் போட்டிருந்த பட்டுத் தொப்பியையும் கையிலிருந்த பொருள்களையும் பறித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பறிபோன பொருள்களின் மதிப்பு பதினோரு பவுண்டு பதினோரு ஷில்லிங். தீர்ப்பு, தூக்கு. பிறகு அது ஏழாண்டு தீவாந்தரமாகக் குறைக்கப்பட்டது.

தொப்பி என்ன விலை என்பதுவரை எழுதி வைத்த அந்தப் பதிவு, மூன்று இளம்பெண்கள் ஏன் வழிப்பறியில் இறங்கினார்கள் என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கைதிகளைத் தேடிப் போகிறவர்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது இதைத்தான். குற்றத்தை எழுதியவர்களுக்கு ஆளைப் பற்றி எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. இன்னொரு சிக்கல் பெயர். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெண் ஓர் ஏட்டில் பிராட், இன்னொன்றில் பிரான்ட், கல்யாணத்துக்குப் பிறகு பிரையண்ட். ஊர், தண்டனைத் தேதி, கப்பல் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஆள் ஒருவர்தான் என்று உறுதியாகும்.

மேரிக்கு அந்தக் கப்பல் சார்லட். 1787 மே 13-ல் போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்ட பதினோரு கப்பல்களில் ஒன்று. அந்தத் தொகுதியைத்தான் ஆஸ்திரேலியர்கள் முதல் கப்பற்படை என்கிறார்கள். மொத்தம் சுமார் 1,400 பேர். அவர்களில் 750-க்கும் மேற்பட்டவர்கள் கைதிகள். பாதி உலகத்தைச் சுற்றிக் கடந்து, ஐரோப்பியர்களில் சிலர் மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்த கரைக்கு இவர்கள் போனார்கள்.

சார்லட்டில் எழுதும் பழக்கமுள்ள இருவர் இருந்தது நமக்கு அதிர்ஷ்டம். ஒருவர் தலைமை மருத்துவர் ஜான் ஒயிட். மற்றவர் கடற்படைக் காலாட்படை அதிகாரி வாட்கின் டெஞ்ச். இருவரும் பின்னாளில் புத்தகம் வெளியிட்டார்கள். மேரி பிராட் கப்பலில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார் என்று 1787 செப்டம்பரில் ஒயிட் குறித்து வைத்திருக்கிறார். கேப் டவுனில் கப்பல் நின்றபோது பாதிரியார் ரிச்சர்ட் ஜான்சன் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கப்பலின் பெயரே குழந்தைக்கும்: சார்லட். கூடவே ஸ்பென்ஸ் என்ற குடும்பப் பெயர்.

செப்டம்பரிலிருந்து ஒன்பது மாதம் பின்னால் போனால் 1786 டிசம்பர். அப்போது மேரி டன்கர்க்கில் அடைபட்டிருந்தார். குழந்தை உருவானது சிறைக் கப்பலில், காவலர்களும் ஆண் கைதிகளும் சூழ இருந்த இடத்தில். அது காதலா, வற்புறுத்தலா, ஒரு வேளை சோற்றுக்கான பேரமா என்பது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஆனால் இந்தத் தேதிக் கணக்கை விட்டுவிட்டு மேரியின் கதையைச் சாகசக் கதையாக மட்டும் சொல்வது நியாயமாகாது.

1788 ஜனவரியில் கப்பல்கள் சிட்னியை அடைந்தன. பிப்ரவரி 10-ஆம் தேதி, பெண் கைதிகள் கரையிறங்கிய நான்கே நாளில், ஜான்சன் சில ஜோடிகளுக்குத் திருமணம் செய்து வைத்தார். அவற்றில் ஒன்று மேரிக்கும் வில்லியம் பிரையண்டுக்கும். வில்லியமும் கார்ன்வால்காரர், பிறவி மீனவர், டன்கர்க்கிலிருந்து சார்லட் வரை மேரியோடு வந்தவர். புதிய குடியேற்றத்தில் விதைத்தது முளைக்கவில்லை. கொண்டுவந்த உப்பிட்ட இறைச்சி கெட்டுப்போனது. அப்படிப்பட்ட இடத்தில் வலை வீசத் தெரிந்தவனுக்குத் தனி மரியாதை. படகுகளின் பொறுப்பும், குடியிருக்கத் தனிக் குடிசையும், பிடித்த மீனில் ஒரு பங்கும் வில்லியமுக்குக் கிடைத்தன. 1789-ல் கொஞ்சம் மீனைத் திருட்டுத்தனமாக விற்றது தெரிந்ததும் எல்லாம் போயின. முதுகில் நூறு கசையடி விழுந்தது. ஆனாலும் படகில் ஏற அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவரை விட்டால் மீனுக்கு வழியில்லை.

பட்டினி கைதிகளோடு நிற்கவில்லை. உணவு ஏற்றிவந்த கார்டியன் என்ற கப்பல் 1789 டிசம்பரில் பனிப்பாறையில் மோதியது. 1790 மார்ச்சில் சிரியஸ் என்ற கப்பல் நார்ஃபோக் தீவருகே உடைந்தது. அந்த ஏப்ரலில் ஆளுநர் ஆர்தர் ஃபிலிப் வாரப் படியைக் குறைத்தார்: மாவு சுமார் ஒரு கிலோ, அரிசி அதற்குச் சற்றுக் குறைவு, பன்றியிறைச்சி அதே அளவு. ஏழு நாளைக்கு அவ்வளவுதான். அதே ஏப்ரலில் மேரியின் இரண்டாவது குழந்தை இமானுவேலுக்கு ஞானஸ்நானம் நடந்தது.

இதற்கிடையில் ஒரு பெரும் அநியாயம். கைதிகளின் தண்டனை எப்போது முடிகிறது என்று காட்டும் காகிதங்களை இங்கிலாந்திலிருந்து அனுப்பாமல் விட்டுவிட்டார்கள். என் காலம் முடிந்துவிட்டது என்று ஒருவர் வந்து நின்றால், ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல ஆளுநரிடம் ஆதாரம் இல்லை. வில்லியமுக்கு 1784 மார்ச்சில் தண்டனை. ஏழாண்டுக் கணக்கு 1791 மார்ச்சில் தீர்கிறது. அந்த மார்ச்சில்தான் அவர்கள் கிளம்பினார்கள்.

ஏற்பாடு பல மாதமாக நடந்திருக்க வேண்டும். 1790 டிசம்பரில் டச்சு நகரமான பத்தாவியாவிலிருந்து உணவு ஏற்றிக்கொண்டு ஒரு டச்சுக் கப்பல் சிட்னிக்கு வந்தது. அதன் தலைவர் டெட்மர் ஸ்மிட்டிடமிருந்து வில்லியம் திசைகாட்டி, கோணமானி, கடல் வரைபடம், துப்பாக்கிகள் எல்லாம் வாங்கினார். இவற்றைப் பெற மேரி ஸ்மிட்டை மயக்கினார் என்று சில நாவல்களிலும் படங்களிலும் வருகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. மீன் விற்ற காசும் ஒரு டச்சு வணிகரின் பண ஆசையும் போதாதா?

அந்த டச்சுக் கப்பல் கிளம்பிப் போனது. துரத்திப் பிடிக்கத் துறைமுகத்தில் வேறு கப்பல் இல்லை. 1791 மார்ச் 28 இரவு. ஆளுநரின் பாய்மரப் படகு, சமீபத்தில்தான் கவிழ்ந்து, பழுது பார்த்துப் புதுப் பாய் கட்டி நின்றது. அதில் ஏறியவர்கள் பதினோரு பேர்: வில்லியம், மேரி, மூன்று வயது சார்லட், கைக்குழந்தை இமானுவேல், இவர்களோடு ஏழு ஆண் கைதிகள். மறுநாள் காலை, பிரையண்டின் குடிசையிலிருந்து கடல் முனைவரை போன பாதையில் ஒரு கைரம்பம், ஒரு தராசு, சிந்திய அரிசி கிடந்ததாக நீதி அதிகாரி டேவிட் காலின்ஸ் எழுதுகிறார். இருட்டில், பேச்சு மூச்சில்லாமல், கையில் அள்ளியதை அள்ளிக்கொண்டு ஓடிய அவசரம் அந்த அரிசியில் தெரிகிறது. தப்பியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் காக்ஸ், தன் காதலிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

கடலில் நடந்ததை நமக்குச் சொல்பவர் உடனிருந்த கைதி ஜேம்ஸ் மார்ட்டின். அயர்லாந்துக்காரர். அவருடைய நினைவுக் குறிப்பு, சிறைகளைப் பற்றி ஆயுள் முழுக்க யோசித்த தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தமின் காகிதக் குவியலுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. 1937-ல்தான் அது முதன்முதலாக அச்சேறியது. ஆஸ்திரேலியாவுக்கு முதல் கப்பற்படையில் போன கைதிகளில் ஒருவர் தன் கதையைத் தானே சொல்லும் எழுத்து அது. எழுத்துப் பிழை மலிந்த நடை. இலக்கண சுத்தமான அரசாங்க அறிக்கைகள் சொல்லாததையெல்லாம் அது சொல்கிறது.

கொண்டுபோனவை: மாவு ஐம்பது கிலோ, அரிசி ஐம்பது கிலோ, பன்றியிறைச்சி ஆறு கிலோ, கொஞ்சம் தண்ணீர். இரண்டு நாளில் ஒரு சிற்றாற்று முகத்தில் கரை ஏறினார்கள். அங்கே நன்றாக எரியும் நிலக்கரி கிடைத்தது. அந்தக் கண்டத்தில் நிலக்கரியைக் கண்ட முதல் ஐரோப்பியர்கள் இந்தத் தப்பியோடிகள்தான். அதற்கப்புறம் வாரக்கணக்கில் மழையும் புயலும். படகு ஒழுகியது. பலகை இடுக்குகளில் அடைக்க ஒன்றும் இல்லாமல் சோப்பை வைத்து அடைத்தார்கள். பாரம் குறைய உடுதுணிகளைக்கூடக் கடலில் வீசினார்கள். இறைப்பதை நிறுத்தினால் மூழ்கிவிடும் நிலை. பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் பட்ட பாட்டைப் பார்ப்பதுதான் தங்களுக்கு எல்லாவற்றையும்விட வேதனையாக இருந்தது என்கிறார் மார்ட்டின்.

வடக்கே பெரும் பவளத் திட்டுகளுக்கு இடையில் ஆமை பிடித்துத் தின்று உயிர் பிழைத்தார்கள். வளைகுடாப் பக்கம் பூர்வகுடிகளின் பாய்மரத் தோணிகள் துரத்தின. ஒரு நாட்டின் எல்லைக்குள் அனுமதியின்றி நுழைந்த ஆயுதக்காரர்களைத் துரத்தியவர்களை இங்கே குறை சொல்ல முடியாது. பிறகு நிலமே தெரியாத திறந்த கடல். 1791 ஜூன் 5-ல் தீமோர் தீவின் டச்சுத் துறைமுகமான குப்பாங்கை அடைந்தார்கள். அறுபத்தொன்பது நாள். 3,254 மைல். வந்தவர்கள் பதினோரு பேரும் உயிரோடு வந்தார்கள், கைக்குழந்தை உட்பட.

பவுன்டி கப்பலின் கலகக்காரர்களால் படகில் இறக்கிவிடப்பட்ட கேப்டன் வில்லியம் பிளையும் இதே குப்பாங்குக்கு இரண்டு ஆண்டுக்கு முன் வந்து சேர்ந்தவர்தான். அவர் படகில் இருந்தவர்கள் கடற்படைப் பயிற்சி பெற்றவர்கள். இங்கிலாந்தில் அவருக்கு மாலை மரியாதை நடந்தது. அவரே 1792-ல் மறுபடி குப்பாங் வந்தபோது, வில்லியம் பிரையண்ட் எழுதிய பயண நாட்குறிப்பு அங்கே இருப்பதைக் கண்டு வாசித்தார். நகலெடுக்க ஆள் வைத்தார், நேரம் போதவில்லை. மூலம் பிற்பாடு தொலைந்துபோனது. அந்தப் பெண்ணும் குழந்தைகளும் மற்றவர்களைவிட மன உறுதியோடு துன்பத்தைத் தாங்கினார்கள் என்று பிளை குறித்து வைத்தது மட்டும் மிஞ்சியிருக்கிறது. கடுமைக்குப் பேர்போன ஒரு கேப்டன் ஒரு கைதிப் பெண்ணைப் பற்றி இப்படி எழுதியிருப்பது சாதாரணமல்ல.

குப்பாங்கில் தங்களைக் கப்பல் உடைந்து தப்பியவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். டச்சு ஆளுநர் சோறும் துணியும் கொடுத்தார். ஆண்களுக்கு வேலை கிடைத்தது. சில மாதம் மனிதர்களாக வாழ்ந்தார்கள். பிறகு உண்மை வெளியே வந்தது. அதற்குக் காரணம் புருஷன் பெண்டாட்டி சண்டை என்கிறார் மார்ட்டின். டெஞ்ச் அதைச் சொல்லவில்லை. செப்டம்பரில், பவுன்டி கலகக்காரர்களைப் பிடித்துவந்த கேப்டன் எட்வர்ட் எட்வர்ட்ஸ், தன் பண்டோரா கப்பல் பவளத்திட்டில் உடைந்து, அவரும் படகில்தான் அதே ஊரில் வந்து இறங்கினார். இவர்களையும் விலங்கு மாட்டி அழைத்துப் போனார்.

அதன் பிறகு தேதிகள்தான் பேசுகின்றன. 1791 டிசம்பர் 1, பத்தாவியா: குழந்தை இமானுவேல் மரணம். டிசம்பர் 22, அதே ஊர் மருத்துவமனை: வில்லியம் மரணம். காய்ச்சல் வாரிக்கொண்டு போன நகரம் அது. அங்கிருந்து கேப் டவுன் போகும் வழியில் காக்ஸ் கடலில் விழுந்து இறந்தார். மேலும் இருவர் நோயில் போனார்கள். மேரியும் சார்லட்டும் நான்கு ஆண்களும் எஞ்சினார்கள்.

கேப் டவுனில் அவர்களை ஏற்றிக்கொண்ட கார்கன் என்ற கப்பலில் வாட்கின் டெஞ்ச் இருந்தார். ஐந்து ஆண்டுக்கு முன் சார்லட்டில் மேரியோடு வந்த அதே டெஞ்ச், சிட்னியில் பணி முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்க்கும்போதெல்லாம் தனக்கு இரக்கமும் வியப்பும் எழுந்ததாகவும், எல்லா இடரையும் வென்று விடுதலைக்குப் போராடித் தோற்றவர்கள் இவர்கள் என்றும் அவர் எழுதினார். சட்டத்தின் பக்கம் நின்ற ஓர் அதிகாரி, அச்சுப் புத்தகத்தில், தன் பெயரோடு எழுதியது இது.

வெப்ப மண்டலத்தைக் கடக்கையில் கப்பலிலிருந்த குழந்தைகள் ஒவ்வொன்றாக இறந்தன. 1792 மே 6-ல் சார்லட்டின் முறை வந்தது. கப்பலில் இருந்த ரால்ஃப் கிளார்க் என்ற அதிகாரி தன் நாட்குறிப்பில் அதை எழுதியிருக்கிறார். பெண் கைதிகளைப் பற்றி அந்த நாட்குறிப்பில் அவர் எழுதியிருக்கும் வசைகளைப் படிக்கவே கூசும். சார்லட்டின் சாவை அவர் சொல்லும்போதும், கடந்த ஆண்டு மீன்பிடிப் படகில் ஓடிப்போன கைதிப் பெண்ணின் பிள்ளை என்றுதான் அடையாளம் சொல்கிறார். ஆனாலும் அவர் எழுதாமல் விட்டிருந்தால் அந்தக் குழந்தை இறந்த நாள் நமக்குக் கிடைத்திருக்காது. கடலில் பிறந்த குழந்தையைக் கடலிலேயே இறக்கினார்கள். நான்கு வயது எட்டு மாதம்.

ஜூனில் கப்பல் போர்ட்ஸ்மத் சேர்ந்தது. லண்டன் நியூகேட் சிறை. தீவாந்தரத்திலிருந்து காலம் முடியுமுன் திரும்பினால் சட்டப்படி தூக்கு. ஜூலையில் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் ஐவரையும் விசாரித்து, பழைய தண்டனையையே தொடர்ந்து அனுபவிக்கும்படி சொன்னது. பத்திரிகைகள் அவர்கள் கதையை எழுதின. அதைப் படித்து ஒருவர் கிளம்பி வந்தார்: எழுத்தாளர் டாக்டர் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற ஜேம்ஸ் பாஸ்வெல்.

குடியும் கடனும் மனச்சோர்வுமாக இருந்த ஆண்டுகள் அவருக்கு அவை. அதற்கிடையிலும் அமைச்சர் ஹென்றி டண்டாஸுக்கு எழுதி எழுதி வற்புறுத்தினார். 1793 மே 2-ல் மேரிக்கு மன்னிப்புக் கிடைத்தது. ஏழாண்டுத் தண்டனை அந்த மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாஸ்வெல் அவருக்கு லண்டனில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தார்; அங்கேயே வீட்டு வேலையில் இருந்த மேரியின் அக்கா தங்கைகளில் ஒருத்தியான டாலியைச் சந்திக்க வைத்தார். அக்டோபரில் தானே துறைமுகத்துக்கு வந்து ஃபோய் போகும் கப்பலில் ஏற்றிவிட்டார். ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு அனுப்புவதாக வாக்களித்தார். உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர் வழியாக அனுப்பவும் செய்தார். அவருடைய நண்பர் பார்சன்ஸ் இருவரையும் இணைத்து ஒரு கேலிக் கவிதை எழுதினார். அந்தக் கேலியைப் பிடித்துக்கொண்டு இன்றும் கதை கட்டுகிறவர்கள் உண்டு. பாஸ்வெல் தன் லீலைகளைத் தன் நாட்குறிப்பில் மறைக்கிற ஆளே இல்லை. மேரி விஷயத்தில் அப்படி ஒரு சொல்கூட அதில் இல்லை.

மேரி அவருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். சிட்னிக் காட்டில் படரும் ஒரு கொடியின் உலர்ந்த இலைகள். கைதிகள் அதைக் கொதிக்க வைத்து இனிப்புத் தேநீராகக் குடித்தார்கள், மருந்தாகவும் நம்பினார்கள். குப்பாங், பத்தாவியா, கேப் டவுன், நியூகேட் எல்லாவற்றையும் அந்த இலைகள் கடந்து வந்திருக்கின்றன. புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த வழியில் மேரி அவற்றை மட்டும் தொலைக்கவில்லை. பாஸ்வெல் ஒரு பொட்டலத்தில் போட்டு, என்னவென்று மேலே எழுதிப் பத்திரப்படுத்தினார். அவருடைய காகிதங்களோடு இருபதாம் நூற்றாண்டில் அவை வெளிவந்தன. ஒரு பகுதி அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் ஒரு பகுதி சிட்னியின் மிட்செல் நூலகத்திலும் இருக்கின்றன. மேரி தன் கையால் எழுதிய கடிதமோ நாட்குறிப்போ எங்கும் கிடையாது. அவர் கைப்பட்டது என்று நிச்சயமாகச் சொல்லக் கூடியவை இந்த இலைகள்தான்.

1795 மே மாதம் பாஸ்வெல் இறந்தார். பணத்தைத் தொடர்ந்து அனுப்பக் குடும்பம் மறுத்துவிட்டது. பாஸ்வெல்லின் காகிதங்களில் மேரி பெயர் வருவதும் அதோடு நின்றது. கார்ன்வால் தேவாலய ஏடுகளில் அதே பெயரில் வரும் பெண்களை எல்லாம் இந்த மேரி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் ஒன்று என்பதால் ஆள் ஒன்றாகிவிடாது. வயதும் ஊரும் முந்தைய வாழ்வும் பொருந்தும் ஒரு பதிவு கிடைக்கும்வரை மேரியின் கதையை 1795-ல் நிறுத்திக்கொள்வதுதான் முறை.

எஞ்சிய நான்கு ஆண்கள் 1793 நவம்பரில் விடுதலையானார்கள். அவர்களில் ஜான் புட்சர் என்பவர், நியூகேட்டில் இருந்தபடியே, தனக்கு விவசாயம் தெரியும், சிட்னிக்கே திரும்பிப் போய் உழைக்கத் தயார் என்று அமைச்சருக்கு மனுப் போட்டிருந்தார். வெளியே வந்ததும் நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தார். எந்தத் துறைமுகத்திலிருந்து உயிரைப் பணயம் வைத்துத் தப்பினாரோ அதே துறைமுகத்துக்குச் சீருடையில் திரும்பினார். 1795-ல் அவர் பெயருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அந்த நிலப் பதிவிலிருந்து அடுத்த பகுதியைத் தொடங்குவோம்.